இணையத்தில் நம்மைத் தேடி வருபவருக்கு என்ன சொல்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி சிறுதொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், நாற்றுப்பண்ணை நடத்துபவர்கள், சிறுதானிய மாவு விற்பவர்கள், மருத்துவமனை, தங்கும் விடுதி, தையலகம் நடத்துபவர்கள் எனப் பலருக்கும் இணையத்தில் வைக்க வேண்டியவற்றை எழுதிக் கொடுப்பது என் வேலை. முதல் சந்திப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. நேரில் பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

எங்கள் ஊரில் எங்களை எல்லோருக்கும் தெரியும். இணையம் எங்களுக்கு எதற்கு?

தெருமுனை வாடிக்கையாளர்களை மட்டுமே நம்பி நடக்கும் கடைக்கு இதில் அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் விளைவதையும் செய்வதையும் வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். சந்தூரில் ஒட்டுக்கட்டிய மாங்கன்றை வாங்க வெளி மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். ஒகேனக்கல்லுக்கு வருபவர் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கைப்பேசியில் விடுதியைத் தேடி முடித்துவிடுகிறார்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் பொருள் இதுவரை நம் பெயரில் போனதில்லை. பெங்களூரா மாங்காய் லாரியில் ஏறிக் கூழ் தொழிற்சாலைக்குப் போனால் அது எந்தத் தோட்டத்துக் காய் என்பது அத்தோடு மறைந்துவிடுகிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் இறங்கியவுடன் மண்டியின் தக்காளியாகிவிடுகிறது. விளைவித்தவர் யார், எப்படி விளைவித்தார் என்பதை வாங்குபவரிடம் நேராகச் சொல்வதற்கு இத்தனை மலிவான வழி இதற்கு முன் இருந்ததில்லை. அதனால்தான் இந்த வேலையை நான் வெறும் விளம்பரமாகக் கருதுவதில்லை.

எதில் தொடங்குவது? வலைத்தளமா, ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாகிராமா?

கூகுள் வரைபடத்தில் தொடங்குங்கள். ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்ற இலவசப் பதிவு அது. 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்ற பெயரில் இருந்தது. கடை உங்களுடையதுதானா என்பதைத் தொலைபேசி வழியாகவோ, தெருவையும் பெயர்ப்பலகையையும் உள்ளிருக்கும் பொருட்களையும் காட்டும் காணொளி வழியாகவோ உறுதிசெய்யச் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரையே அங்கும் எழுதுங்கள். பெயரோடு ‘கிருஷ்ணகிரியின் நம்பர் 1’ என்றெல்லாம் சேர்ப்பது கூகுளின் விதிக்கு மாறானது, பதிவையே முடக்கிவிடக்கூடும்.

வரைபடத்தில் கடையின் இடத்தைக் காட்டும் குறியை ஊன்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். நம் பகுதியில் பல கடைகள் தேசிய நெடுஞ்சாலை 44-இன் சர்வீஸ் சாலையில் இருக்கின்றன. குறி சாலையின் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டால், வருபவர் உங்கள் கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், அடுத்த மேம்பாலத்தில் திரும்பி வர வேண்டியிருக்கும். பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள். ஆகவே கடை வாசலில் நின்றுகொண்டு குறியைச் சரிபாருங்கள்.

வலைத்தளம் அடுத்தது. நான்கைந்து பக்கங்கள் போதும். தள முகவரியை, அதாவது டொமைனை, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் மட்டுமே பதிவுசெய்யுங்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாவு ஆலைக்காரருக்காகப் பல மாதங்கள் எழுதினேன். தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம் டொமைனைத் தன் பெயரில் வாங்கி வைத்திருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு வழக்கில் அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்தபோது தளம் ஒரே நாளில் காணாமல் போயிற்று. எழுதியவற்றின் நகல் எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து எழுத உட்காருவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. எங்கள் தொழிலில் எழுத என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ‘எங்களிடம் தரமான மாம்பழங்கள் மலிவான விலையில் கிடைக்கும்’ என்ற ஒரு வரியை மட்டும் எழுதி வைத்துவிட்டு, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அவருடைய கைப்பேசியில் முந்தைய பருவத்தில் வந்திருந்த வாட்ஸ்அப் செய்திகளைத் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் படித்தோம். ‘கல் வச்சுப் பழுக்க வச்சதா அண்ணா?’ ‘காயா அனுப்புவீங்களா, பழமா?’ ‘அஞ்சு கிலோ பெட்டியில எத்தனை பழம் இருக்கும்?’ ‘தோல்ல கறுப்பா இருக்கே, அழுகலா?’ ‘நீலம் எப்ப வரும்?’ இவைதான் திரும்பத் திரும்ப வந்திருந்தன.

நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். பறிக்கும்போது காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்குவார்களாம். ஒட்டப் பறித்தால் பால் வடிந்து தோலில் பட்டுக் கறுப்புத் தழும்பு விழும், அது அழுகல் இல்லை, ஆனால் பார்ப்பவருக்கு அழுகலாகத் தெரியும் என்றார். முற்றிய காயை வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பதையும், வெளியூருக்கு அனுப்பும் பெட்டியில் ஏன் காயாகவே அடுக்குகிறார் என்பதையும் சொன்னார். சொல்ல ஒன்றுமில்லை என்றவர் முக்கால் மணி நேரம் பேசினார். அதை அவருடைய சொற்களிலேயே எழுதினோம். ‘தரமான’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் வரவில்லை. ‘காம்பு விட்டு நறுக்கிய காய், பெட்டியைத் திறந்ததும் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள், தோலின் பசுமை மாறி வாசனை வந்த பிறகு சாப்பிடுங்கள், பழுக்கும் முன் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்’ என்று தொடங்கியது.

கல் பற்றிய கேள்விக்குத் தனிப்பக்கம் எழுதினோம். மக்கள் ‘கல்’ என்று சொல்வது கால்சியம் கார்பைடு. அதைக் கொண்டு பழங்களைப் பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகள் தடைசெய்கின்றன. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, பயன்படுத்த அனுமதி உண்டு. இந்த வேறுபாட்டை ஒரு தோட்டக்காரர் தெளிவாக எழுதினால், படிப்பவர் அவர் சொல்லும் மற்றவற்றையும் நம்பத் தொடங்குகிறார். சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு மட்டும் நாங்கள் பதில் எழுதவில்லை. மருத்துவரிடம் கேட்கச் சொல்லி நிறுத்திக்கொண்டோம். தெரிந்ததை எழுதுவது போலவே தெரியாத துறையில் கைவைக்காமல் இருப்பதும் எழுதுபவரின் பொறுப்பு.

எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு திண்ணைப் பேச்சு இருக்கிறது. மாவு ஆலைக்காரருக்குக் களிக்கு எந்தப் பதத்தில் ராகியை அரைக்க வேண்டும், கூழுக்கு எந்தப் பதம் என்பது தெரியும். தையல்காரருக்கு எந்தத் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பது தெரியும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

வாங்குபவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அந்த மொழியில். ஓசூர்ப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் புழங்குகின்றன. பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஆங்கிலப் பக்கமோ கன்னடப் பக்கமோ தேவைப்படலாம். ஆனால் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து ஒப்பேற்றிவிடாதீர்கள். தமிழில் தேடுபவர் கேட்கும் கேள்விகளே வேறு. அவற்றுக்குத் தமிழில் நல்ல பக்கங்கள் குறைவாக இருப்பதால், கவனமாக எழுதிய ஒரு சிறு தளத்துக்கும் இடம் கிடைக்கிறது.

தமிழில் எழுதுபவர் எழுத்துக்கூட்டலை யோசிக்க வேண்டும். அரசு ‘தருமபுரி’ என்று எழுதுகிறது. மக்களில் பலர் ‘தர்மபுரி’ என்று தட்டுகிறார்கள். ஓசூர், ஹோசூர், ஒகேனக்கல், ஹொகேனக்கல் என்று இரு வடிவங்களும் வழங்குகின்றன. நாம் ராகி என்பதைத் தென்மாவட்டத்தார் கேப்பை என்கிறார்கள், புத்தகம் கேழ்வரகு என்கிறது. தேடுபொறி இவற்றில் பலவற்றை இப்போது ஒன்றாகவே புரிந்துகொள்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஆகவே தலைப்பில் ஒரு வடிவத்தையும், உள்ளே பொருத்தமான இடத்தில் மற்ற வடிவத்தையும் இயல்பாக ஆளுங்கள். பக்கத்தின் அடியில் இருபது சொற்களைக் கொட்டி வைப்பது பயன் தராது. படிப்பவருக்கும் அது அவமரியாதை.

இன்னொன்று, ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தட்டச்சு செய்யுங்கள். நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுப்பதுண்டு. அதை அப்படியே ஒட்டினால் இணையத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதே போல, விலைப்பட்டியலையும் முகவரியையும் அழகான சுவரொட்டிப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம்பிடிக்க முடியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் படத்தைத் தாண்டிப் போய்விடும்.

எப்போது எழுத வேண்டும்? வாரம் ஒன்று கட்டாயமா?

வாரக்கணக்கு முக்கியமில்லை, பருவக்கணக்குத்தான் முக்கியம். புதிய பக்கம் ஒன்றைத் தேடுபொறி கண்டு, படித்து, பட்டியலில் சேர்த்து, அதற்கு ஓர் இடம் கொடுக்க வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சித்திரையில் பழம் விற்க நினைப்பவர் சித்திரையில் எழுதினால் பழம் தீர்ந்த பிறகுதான் பக்கம் மேலே வரும். மாமரம் பூவெடுக்கும் தை மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஓசூர் ரோஜாவுக்குப் பிப்ரவரி 14-ஐ ஒட்டி வரும் தேவையைக் குறிவைப்பவர் முந்தைய ஐப்பசியிலேயே உட்கார வேண்டும். ஒகேனக்கல் விடுதிக்காரர் ஆடிப்பெருக்குக்கான பக்கத்தைச் சித்திரையில் தொடங்கலாம்.

ஆண்டுதோறும் புதுப்பக்கம் தொடங்காதீர்கள். ‘ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வருபவர்களுக்கு’ என்று ஒரே முகவரியில் ஒரு பக்கத்தை வைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதையே திருத்துங்கள். பழைய பக்கம் சேர்த்துவைத்த மதிப்பு வீணாகாது. அந்தப் பக்கத்தில், காவிரியில் நீர்வரத்து கூடும்போது பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு என்பதையும் எழுதிவிடுங்கள். அறை முன்பதிவு குறைந்துவிடும் என்று ஒரு விடுதி உரிமையாளர் முதலில் தயங்கினார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து, பரிசல் இல்லை என்று வாசலில் தெரிந்துகொள்ளும் குடும்பத்தின் ஏமாற்றத்தை எண்ணிப் பார்த்த பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

‘கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்’ என்று அழைக்கிறார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்கத்தில், அதாவது தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலையில், மந்திரம் எதுவும் இல்லை. பக்கத்தின் தலைப்பு உள்ளே இருப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பக்கங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கைப்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவு. கேமராவிலிருந்து எடுத்த பெரிய படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றுவதுதான் நம் ஊர்த் தளங்களின் வேகத்தைக் கெடுக்கும் முதல் காரணமாக நான் கண்டது.

பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா?

செய்யலாம், சொல்ல வேண்டியதை எழுதி முடித்த பிறகு. விளம்பரத்தைத் தட்டி உள்ளே வருபவருக்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லையென்றால் கட்டிய பணம் போனதுதான்.

கூகுள் விளம்பரத்தில் ஓர் அமைப்பை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். நீங்கள் தருமபுரியைத் தேர்ந்தெடுத்தால், தருமபுரியில் இருப்பவர்களோடு தருமபுரியில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும்படியே அது முதலில் அமைந்திருக்கும். விடுதிக்காரருக்கு அது சரி. பல் மருத்துவருக்கோ, சென்னையில் இருந்துகொண்டு ஊர்ப்பெயரைத் தேடுபவரால் பயனில்லை. அவர் ‘அங்கே இருப்பவர்கள் மட்டும்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மாற்றாமல் மாதக்கணக்கில் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிக்கொள்ளலாமே?

எழுத்துப்பிழை பார்க்கவும், சிதறிக் கிடக்கும் குறிப்புகளை வரிசைப்படுத்தவும் அது உதவும். எழுதியது மனிதரா கருவியா என்பதைவிட, படிப்பவருக்கு அது பயன்படுகிறதா என்பதையே பார்ப்பதாகக் கூகுள் 2023-இல் தெளிவுபடுத்தியது; தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் விதிமீறலாக அறிவித்தது. 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்கும் கை உங்களுடையது. நீங்கள் சொல்லாவிட்டால் கருவி ‘தரமான மாம்பழங்கள்’ என்றுதான் எழுதித் தரும்.

மோசமான மதிப்புரை வந்துவிட்டால்?

பதில் எழுதுங்கள், அன்றைக்கே எழுதாமல், கோபம் தணிந்த மறுநாள் எழுதுங்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன செய்தீர்கள் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது குறை சொன்னவர் மட்டுமல்ல. காசு கொடுத்தோ தள்ளுபடி காட்டியோ மதிப்புரை வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022-இல் வெளியிட்டிருக்கிறது.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை எவை?

உணவுப் பொருள் விற்பவர், வீட்டிலிருந்து விற்றாலும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அதன் 14 இலக்க எண்ணைத் தளத்தில் தெரியும்படி வையுங்கள். ‘சாமை சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்’ என்பது போன்ற வரிகளை எழுதாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சாமையில் நார்ச்சத்து இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டாலே வாங்க வேண்டியவர் வாங்குவார்.

என் மகள் தமிழ் இலக்கியம் படித்திருக்கிறாள். இதை அவள் தொழிலாகக் கொள்ளலாமா?

தாராளமாக. இந்தக் கேள்வியை ஒரு தந்தை கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. தமிழைப் பிழையின்றி எழுதுபவர், எதிரில் இருப்பவரின் தொழிலைப் பொறுமையாகக் கேட்டு எழுதப் பழகிவிட்டால், ஊரைவிட்டுப் போகாமலே வேலை செய்ய முடியும். ஆனால் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு உறுதி தரும் பயிற்சிகளில் பணத்தைப் போடுவதற்கு முன் யோசியுங்கள். கூகுளின் ‘ஸ்கில்ஷாப்’ தளத்தில் விளம்பரம், அளவீடு பற்றிய பாடங்களும் சான்றிதழும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதோடு, தெரிந்த கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஐந்து பக்கங்கள் எழுதச் சொல்லுங்கள். வேலை கொடுப்பவரிடம் காட்ட, சான்றிதழைவிட அந்த ஐந்து பக்கங்கள் உதவும். தமிழில் சொந்தமாக எழுதி விளம்பர வருவாய் பெற 2018 முதல் கூகுள் ஆட்சென்ஸில் இடம் உண்டு. அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

எத்தனை நாளில் பலன் தெரியும்? எப்படிக் கணக்கிடுவது?

வரைபடப் பதிவின் பலன் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதை அந்தப் பதிவே காட்டும். எழுதிய பக்கங்களுக்கு ஒரு பருவமாவது பொறுக்க வேண்டும். ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவியில், எந்தச் சொற்களைத் தட்டி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது தெரியும். அதை மாதம் ஒருமுறை பாருங்கள்; நீங்கள் பதில் எழுதாத கேள்வி ஒன்று அதில் இருக்கும், அதுதான் அடுத்து எழுத வேண்டியது. விருப்பக்குறிகளையும் பின்தொடர்பவர் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளாதீர்கள்.

இவற்றோடு ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். போச்சம்பள்ளித் தோட்டக்காரர் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கங்களில் ‘சந்தையில் பார்த்தவர்’, ‘மச்சான் சொல்லி அனுப்பியவர்’ என்றே வரிசையாக இருந்தது. வைகாசி முதல் வாரத்தில், ‘பெங்களூரு, இரண்டு பெட்டி, காம்பு விட்டு நறுக்குவீங்களாமே என்று கேட்டார்’ என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.